தருமபுரி தருமச்சாலை மூலநிதிக்கு அம்பதாயிரம் கட்டினோம், ரெண்டு வருஷ அனுபவம்

ஸ்டார் கேட்டா 5க்கு 4 குடுப்பேன். அந்த ஒண்ணு ஏன் கொறச்சேன்னு கீழ சொல்றேன், அவசரமா இருக்குறவங்க அந்த இடத்துக்கு நேரா போயிடுங்க, ஆனா முழுசா படிச்சா நல்லது, ஏன்னா இது சாப்பாட்டுக் கடை ரிவியூ மாதிரி இன்னிக்கு நல்லாருந்துச்சு நாளைக்கு நல்லால்லன்னு சொல்ற விஷயம் இல்ல, ஒருத்தங்க சம்பாத்தியத்தை எடுத்து "என்னிக்கும் நடக்கும்"னு சொல்ற ஒரு இடத்துல குடுக்குற விஷயம். மூலநிதின்னா முதலைத் தொடாம அதோட வட்டியில மட்டும் செலவு பண்றதுக்குன்னு சேத்து வெக்கிற பணம்.

இடம் தருமபுரி டவுன், கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இருந்து நடக்குற தூரம். வள்ளலார் வழியில போற சன்மார்க்கக்காரங்க நடத்துற சின்ன தருமச்சாலை. காலையில கஞ்சி, மத்தியானம் சாப்பாடு, பின்னாடி கட்டடத்துல ஆதரவில்லாத பெரியவங்க பதினாறு பேரு தங்கியிருக்காங்க. பேரு போட வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க அதனால போடல, ஆஸ்பத்திரி வாசல்ல பூக்காரம்மா யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க.

முதல்ல ஒரு பழைய கதை சொல்லணும். எங்க தாத்தா 2006ல தவறினாரு. அப்ப எங்கப்பா வேற ஒரு இடத்துல, பேரு வேணாம், 5,000 ரூபா கட்டி தாத்தா பேருல ஒரு அன்னதான கட்டளை வெச்சாரு, வருஷா வருஷம் திதி அன்னிக்கு அந்த வட்டியில சாப்பாடு போடுவோம்னு எழுதிக் குடுத்தாங்க, "ஆயுள் கட்டளை"ன்னு ரசீதுல பெருசா அச்சடிச்சிருந்துச்சு. அன்னிக்கு 8 சதவீத வட்டின்னா 400 ரூபா, ஒரு சாப்பாடு பத்து ரூபான்னு கணக்கு போட்டா 40 பேரு சாப்பிடலாம். அஞ்சாறு வருஷம் போஸ்ட் கார்டு வந்துச்சு, "தங்கள் கட்டளை இன்ன தேதியில் நடைபெறும், பிரசாதம் பெற்றுக்கொள்ளவும்"னு. அப்புறம் கார்டு நின்னுச்சு. அப்பா நேர்ல போயி கேட்டப்ப அங்க இருந்த ஆளு முகத்தைக்கூட பாக்காம "இப்ப அந்த வட்டியில என்னங்க வரும்"னு சொல்லிட்டாரு. அவரு சொன்ன கணக்கு உண்மைதான், இன்னிக்கு 7 சதவீதம்னா 350 ரூபா, சாப்பாடு ஒண்ணு 35 ரூபா ஆவுதுன்னா பத்து பேரு. 40 பேரு சாப்பிட்ட இடத்துல 10 பேரு. யாரும் திருடல. ஆனா ஆரம்பத்துலயே யாரும் அந்தக் கணக்கை எங்கப்பாகிட்ட சொல்லவும் இல்ல. அந்த ரசீதை அவரு கடைசி வரைக்கும் பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருந்தாரு.

அப்பாவை 2023 நவம்பர்ல ஆஸ்பத்திரியில சேத்தோம். 19 நாள். நான் ஓசூர்ல கம்பெனியில வேலை பாக்குறேன், ஷிப்ட் முடிச்சு பஸ் ஏறி வருவேன், அம்மாதான் கூடவே இருந்தாங்க. ரெண்டாவது நாளு பக்கத்து பெட்டுக்கு துணைக்கு வந்த அக்கா ஒருத்தங்க, அரூர் தாண்டி சித்தேரி மலை மேல இருந்து வந்தவங்க, "வாங்கம்மா, எத்தினி நாளு பன்னும் டீயுமா குடிச்சினு இருப்பீங்க"ன்னு அம்மாவை கையப் புடிச்சி இந்த தருமச்சாலைக்கு கூட்டினு போயிருக்காங்க. 19 நாளும் அம்மா அங்கதான் சாப்பிட்டாங்க. யாரு, எந்த ஊரு, என்ன சாதின்னு ஒரு கேள்வி இல்ல. தட்டு எடுத்துக்கோ, உக்காரு, அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பத்தி சொல்லாம விட்டா இது ரிவியூவே இல்ல. வாரத்துல மூணு நாளு களி. நம்ம பக்கத்து ராகி களி, ஓட்டல்ல சின்ன உருண்டையா அலங்காரம் பண்ணி வெக்கிற களி இல்ல. பெரிய அண்டாவுல நொய் வெந்து கொதிச்சி வரும்போது ராகி மாவை நடுவுல மலை மாதிரி கொட்டி மூடி வெச்சிடுறாங்க, மாவு வேவ வேவ ஓரத்துல குமிழி வெடிக்குற சத்தம் கேக்கும், அப்புறம் ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு ஆளு உயர துடுப்பால கிண்டுறாங்க, கட்டி ஒண்ணுகூட இருக்காது. ஒரு நாளு கிண்டுறவரு கையில தண்ணி தொட்டு களியை லேசா தொட்டுப் பாத்தாரு, விரல்ல ஒட்டல, "இறக்கு"ன்னாரு. தொட்டுக்க கீரை கடைசல், இல்லனா கொள்ளு. தை மாசம் போனீங்கன்னா மொச்சக்கொட்ட குழம்பு. மத்த நாளு சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளி விலை விழுந்துச்சுன்னா விவசாயிங்க ரோட்ல கொட்டுறதுக்கு பதிலா பொட்டி பொட்டியா இங்க எறக்கிட்டுப் போறாங்க, அந்த வாரம் முழுக்க தக்காளி தொக்கு. உப்பு காரம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், வயசானவங்களுக்கும் சேத்து சமைக்கிறதால. எனக்கு அது ஒரு குறையா தெரியல.

அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மா ஒரே புடியா, அவரு பேருல அங்க ஒரு கட்டளை வெக்கணும்னாங்க. தாத்தாவுக்கு நடந்தது எனக்கு மனசுல இருந்துச்சு, அதனால பணத்தைக் கொண்டு போயி நீட்டாம மொதல்ல கேள்வி கேக்கத்தான் போனேன்.

உள்ள ஆபீஸ் ரூம்ல சொவத்துல ஒரு காலண்டர். வருஷம் முழுக்க தெரியுற மாதிரி சார்ட் அட்டையில ஸ்கேல் வெச்சு கோடு போட்டு கையாலயே வரைஞ்சது, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். யாரு அன்னிக்கு சாப்பாட்டுக்கு பணம் குடுக்குறாங்களோ அவங்க பேரு நீல பேனாவுல. அமாவாசை கட்டத்துல மூணு பேரு நாலு பேரு நெருக்கியடிச்சி எழுதியிருக்கு, தைப்பூசத்துல எடமே இல்லாம பக்கத்துல துண்டு பேப்பர் ஒட்டியிருக்கு, புரட்டாசி சனிக்கெழம, வைகுண்ட ஏகாதசி, பெரிய ஆளுங்க பொறந்தநாளு எல்லாம் நெறைஞ்சிருக்கு. ஜூன் மாசத்துக்கு வந்தா காலி. வரிசையா காலி. ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசம் யாரு கையிலயும் காசு இருக்காது. ஆடியிலயும் பாதி காலி. சாதாரண செவ்வாய் புதன்ல பேரே இல்ல. ஆனா ஆஸ்பத்திரியில இருக்குறவங்களுக்கு செவ்வாக்கெழமயும் பசிக்குமில்ல. பொருளாளர் அய்யா, ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல ஹெச்எம்மா இருந்து ரிட்டயர் ஆனவரு, அந்த காலி கட்டத்தை பென்சிலால தொட்டுக் காட்டி "இந்த நாளுக்குத்தாங்க நாங்க மூலநிதி சேக்குறோம்"னாரு. நான் அதுவரைக்கும் கட்டளைன்னா நம்ம வீட்டு திதிக்குன்னு மட்டும்தான் நெனச்சிருந்தேன்.

அவரு சொன்ன கணக்கு இது. ஒரு நாளு மத்தியானம் சராசரியா 120 பேரு, ஒருத்தருக்கு 35 ரூபா, மொத்தம் 4,200. மூலநிதியை பேங்க்ல போட்டா சுமாரா 7 சதவீதம் வருது, அதுல 5 தான் செலவு பண்றது, மீதி 2 திரும்ப முதல்லயே சேந்துடணும். அப்படின்னா வருஷத்துல ஒரு நாளு நிரந்தரமா நடக்கணும்னா 84,000 வேணும். "நீங்க 50,000 குடுத்தா சந்தோஷமா வாங்கிக்குவேங்க, ஆனா உங்கப்பா திதிக்கு வருஷா வருஷம் முழு சாப்பாடும் உங்க பணத்துலயே நடக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன், அது பொய்யாப் போயிடும்." இத அம்மா முன்னாடியே சொன்னாரு. அம்மாவுக்கு முகம் வாடிப்போச்சு. வெளிய வந்து "நாம குடுக்குறதே பத்தாதுன்னு சொல்றாங்களே"ன்னு கண்ணு கலங்கினாங்க. எனக்கு மாறா அந்த எடத்துலதான் நம்பிக்கை வந்துச்சு, ஏன்னா 2006ல யாராவது ஒருத்தரு எங்கப்பாகிட்ட இந்த மாதிரி பென்சிலும் பேப்பரும் எடுத்து சொல்லியிருந்தா அந்த ரசீது பீரோவுலயே மக்கியிருக்காது.

அவரு இன்னொண்ணு சொன்னாரு, அது என் மனசுல அப்படியே நின்னு போச்சு. சோழர் காலத்து கல்வெட்டுல கோயிலுக்கு நந்தா விளக்கு, அதான் அணையா விளக்கு, எரிக்க ஆடு குடுப்பாங்களாம், ஒரு விளக்குக்கு சில இடத்துல 90 ஆடு, சில இடத்துல 96. அந்த ஆட்டை வாங்கிக்கிற இடையரு தெனமும் ஒரு உழக்கு நெய் கொண்டாந்து ஊத்தணும். கல்வெட்டுல அந்த ஆட்டுக்கு பேரே "சாவா மூவாப் பேராடு". சாவவும் செய்யாது, மூப்பும் அடையாது. ஆடு சாவாம இருக்குமா, சாவும், ஆனா குட்டி போட்டு மந்தை மட்டும் கொறையாம 96 ஆவே இருக்கணும், அதுதான் ஒப்பந்தம். குட்டி எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டா மந்தை அழிஞ்சிடும், விளக்கு அணைஞ்சிடும். பணமா குடுத்தாலும் முதலைத் தொடாம பொலிசையில, அதான் வட்டியில, நடத்தணும்னு "சந்திராதித்தவரை" எழுதி வெச்சாங்க, சந்திரன் சூரியன் இருக்குற வரைக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்மாளுங்களுக்கு தெரிஞ்ச விஷயம், எங்க தாத்தா கட்டளையை வாங்கினவங்களுக்கு தெரியல. வடலூர்லயும் வள்ளலார் 1867 மே 23ல தருமச்சாலை ஆரம்பிச்சப்ப பார்வதிபுரத்து ஜனங்க நெலத்தை எழுதிக் குடுத்துதான் காலூன்ற வெச்சாங்க, அன்னிக்கு பத்த வெச்ச அடுப்பு இன்னும் அணையல. பசிக்கு அன்னன்னிக்கு குடுக்குறவங்க வேணும், அடியில நெலம் மாதிரி ஒண்ணு அசையாமலும் இருக்கணும்.

சரி, பணம் கட்டுன விவரம். 2024 மார்ச்ல 50,000 கட்டினோம். ரொக்கமா வாங்க மாட்டேன்னுட்டாங்க, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா 80ஜி கழிவு, அதான் நன்கொடைக்கு கெடைக்குற வருமான வரிக் கழிவு, கெடையாது, அதனால பேங்க் ட்ரான்ஸ்ஃபர்தான். ஒரு வெள்ளை பேப்பர்ல அம்மா கையாலயே எழுத வெச்சாங்க, "இந்தத் தொகை மூலநிதியில் சேர்க்கப்பட வேண்டும், முதலைச் செலவு செய்யக்கூடாது"ன்னு. இது ரொம்ப முக்கியம். குடுக்குறவங்க இப்படி எழுத்துல குறிப்பா சொன்னாத்தான் வருமான வரி சட்டத்துல அது மூலநிதி நன்கொடை, இல்லனா சாதாரண வரவு, சாதாரண வரவுன்னா அதுல 85 சதவீதத்தை பொதுவா அந்த வருஷமே செலவு பண்ணியாகணும். எங்க குடுத்தாலும் இந்த ஒரு வரியை எழுதிக் குடுங்க, நகல் ஒண்ணு கையில வெச்சுக்கோங்க.

80ஜிக்கு 10பிஇங்கிற நன்கொடை சர்ட்டிஃபிகேட் அந்த ஜூன்ல வந்துச்சு, அம்மா பேன் நம்பர் போட்டு. ஆனா அம்மா பேரை தப்பா அடிச்சிருந்தாங்க, திருத்தி வாங்க 40 நாளு, நாலு போன், ரெண்டு தடவை நேர்ல. வரிக் கழிவுக்காகவே குடுக்குறவங்க ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, குடுத்ததுல பாதிக்குத்தான் கழிவு, அதுக்கும் வருமானத்தை வெச்சு ஒரு வரம்பு இருக்கு, அப்புறம் புது வரி முறையில இருக்குறவங்களுக்கு இது சுத்தமா கெடையாது. நான் புது முறைக்கு மாறிட்டேன், அதான் அம்மா பேருல கட்டினோம்னு இல்ல, அவங்க ஆசைக்குத்தான்.

நெறைய பேரு கேக்குறது, சாமி கும்புடுற எடத்துக்கு எப்படி 80ஜி வரும்னு. இவங்க பதிவு தர்ம காரியத்துக்கு, வழிபாட்டுக்கு இல்ல. மத சம்பந்தமான செலவு வருஷ வருமானத்துல 5 சதவீதத்துக்கு மேல போனா 80ஜிக்கு சிக்கல் வரும்னு சொன்னாரு, அதனால ஜோதி வழிபாடு, பூசத்துக்கு ஆவுற செலவு எல்லாத்துக்கும் தனி நோட்டு போட்டு வெச்சிருக்காங்க. அந்த நோட்டை நான் கேக்காமலே எடுத்துக் காட்டினாரு, கற்பூரம் 60 ரூபான்னு கூட எழுதியிருக்கு.

பணம் எங்க இருக்குன்னா, நாங்க கட்டினப்ப மொத்தம் 23 லட்சம், அஞ்சு பேங்க்ல எஃப்டி. ஏன் அஞ்சு? ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு முதலும் வட்டியும் சேத்து 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் இன்சூரன்ஸ், 2020ல இருந்து அந்த வரம்பு. அதனால ஒவ்வொண்ணுலயும் 5 லட்சம் தாண்டாம பிரிச்சு போட்டிருக்காங்க. இப்ப 31 லட்சம், ஏழு பேங்க். எஃப்டியை உடைக்கணும்னா தலைவரு, பொருளாளரு, கட்டளைக்காரங்க சார்புல ஒருத்தரு, மூணு பேரு கையெழுத்தும் வேணும். அந்த மூணாவது ஆளு ட்ரஸ்ட்ல எந்தப் பொறுப்புலயும் இல்லாதவரா இருக்கணும்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான்.

வருஷக் கணக்கு ஒரே பக்கம், தமிழ்ல, வீட்டுக்கே தபால்ல வருது. 2024-25க்கு வட்டி 1,89,000. அதுல செலவு 1,34,400, அதாவது 32 நாளு சாப்பாடு, எந்தெந்த தேதின்னு 32ம் போட்டிருக்கு. மிச்சம் 54,600 திரும்ப முதல்ல. 60 லட்சம் சேத்துட்டா வருஷத்துல 71 நாளு யாரு வாசல்லயும் நிக்காம அடுப்பு எரியும்ங்கிறதுதான் அவங்க கணக்கு. மீதி நாளுக்கு மனுஷங்க குடுக்கணும், குடுப்பாங்க, அது எப்பவும் வேணும்னுதான் அவரும் சொல்றாரு, எல்லாமே வட்டியில நடந்தா ஊருக்கும் சாலைக்கும் ஒட்டு இல்லாம போயிடும்னு.

அவங்க நிதி சேக்குற விதத்தையும் சொல்லணும், ஏன்னா இதுக்கு முன்னாடி ஒரு தடவை வேற ஒரு தொண்டு நிறுவனம் பேரைச் சொல்லி ஒரு போன் கால் வந்துச்சு எனக்கு, நோய்வாய்ப்பட்ட ஒரு கொழந்தை போட்டோவை வாட்ஸ்அப்புல அனுப்பி, இன்னிக்கு ராத்திரிக்குள்ள கட்டலன்னா அவ்வளவுதான்னு அழுவாத கொறையா பேசி, நான் 3,000 கட்டிட்டேன், அப்புறம் விசாரிச்சா அது கூப்புடுறதுக்குன்னே வெச்ச ஏஜென்சி, குடுக்குறதுல ஒரு பங்கு அவங்களுக்கு. அன்னியில இருந்து போன்ல கேட்டா குடுக்குறதில்ல. இவங்க அப்படி இல்ல. ஞாயித்துக்கெழம காலையில நாலஞ்சு பேரு வெள்ளை வேட்டியோட ஒரு தெருவுக்கு போறாங்க, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு வாரம், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வாரம், திண்ணையில உக்காந்து அந்தக் கணக்கை சொல்றாங்க, பணம் கேக்குறதுக்கு முன்னாடி "ஒரு நாளு வந்து சாப்பிட்டுப் பாருங்க"ங்கிறாங்க. யாரு போட்டோவையும் காட்டுறதில்ல, சாப்பிடுறவங்களை போட்டோ எடுக்கவே விடறதில்ல, உள்ள போர்டே இருக்கு. கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் சீசன் முடிஞ்சு விவசாயி கையில காசு பொரளும்போதுதான் அங்க போறாங்க, அறுவடைக்கு முன்னாடி போயி சங்கடப்படுத்துறதில்ல. பெங்களூர்ல கட்டட வேலை, கம்பெனி வேலைன்னு போயிருக்குற நம்ம ஜில்லா பசங்க மாசம் 200, 500னு யூபிஐல போடுறாங்க, அது வருஷக் கடைசியில கணக்கு பாத்து அவங்க எழுதிக் குடுத்தபடி மூலநிதிக்கோ அன்னாடத்துக்கோ போவுது. பெருசா குடுத்தவங்க பேரு தனியா கல்லுல இல்ல. 500 குடுத்தவரும் 5 லட்சம் குடுத்தவரும் ஒரே பலகையில ஒரே அளவு எழுத்துல, தொகை போடாம, வந்த வரிசைப்படி. எங்கப்பா பேரு ஒரு பீடா கடைக்காரர் பேருக்கும் ஒரு டாக்டர் பேருக்கும் நடுவுல இருக்கு.

இப்ப ஏன் ஒரு ஸ்டார் கொறச்சேன்னு சொல்றேன்.

7 வந்தா 5 செலவு, 2 திரும்பங்கிறது பத்தாது. அரிசி, பருப்பு, எண்ணெய் விலை வருஷத்துக்கு 2 சதவீதமா ஏறுது? அஞ்சு, ஆறுன்னு ஏறுற வருஷம்தான் அதிகம். இப்படியே போனா எங்க தாத்தா கட்டளைக்கு ஆனது இதுக்கும் ஆவும், 18 வருஷத்துல இல்லனாலும் 30 வருஷத்துல. செலவை 4 ஆ கொறைக்கணும், அப்ப ஒரு நாளு கட்டளைக்கு 84,000 இல்ல, 1,05,000 ஆவும், கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அதுதான் நெசம். இல்லனா பணம் முழுக்க எஃப்டியிலயே கெடக்காம கொஞ்சம் கவர்மெண்ட் பாண்ட், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டுன்னு பிரிக்கணும், ட்ரஸ்ட் பணத்தை அதுல போட சட்டம் விடுது, நேரடியா ஷேர் வாங்கத்தான் முடியாது. இத பொருளாளர் அய்யாகிட்ட ரெண்டு தடவை பேசிட்டேன். ஃபண்டுன்னா அவருக்கு பயம், "ஊர் பணம்ங்க, ஒரு வருஷம் கொறஞ்சி போச்சுன்னா நான் எந்த முகத்தோட அந்த பூக்காரம்மாவைப் பாப்பேன்"ங்கிறாரு. அந்த பயத்தை நான் மதிக்கிறேன். ஆனா விலைவாசி கண்ணுக்குத் தெரியாம தின்னுறதும் கொறையுறதுதானே. அப்புறம் 5 லட்சம் 5 லட்சமா பிரிக்கிறது 31 லட்சத்துக்கு சரி, 60 லட்சத்துக்கு பன்னெண்டு பதிமூணு பேங்க் பாஸ்புக்கை எந்த எழுவது வயசுக்காரரு வெச்சு சமாளிப்பாரு?

அங்கதான் ரெண்டாவது கவலை. எல்லாம் அந்த ஒரு மனுஷர் தலையில இருக்கு. நோட்டு அவர் கையெழுத்துல, காலண்டர் அவரு வரைஞ்சது, பேங்க் தேதி எல்லாம் அவருக்கு மனப்பாடம். நம்ம பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்கு கோயில் கட்டணும்னு தொழுநோயோட ஊர் ஊரா நடந்து நிதி சேத்தாரு, 1925 ஜூலை 23ல உயிரு போச்சு, கோயில் அவரு கண்ணால பாக்குற மாதிரி எழும்பல. நடந்த காலு நின்னா வேலையும் நின்னு போவுது. அதுக்குத்தானே மூலநிதியே, அப்ப அந்த மூலநிதியைப் பாத்துக்கவும் ரெண்டாவது மூணாவது ஆளு தயாரா இருக்கணும். ஒரு முப்பது வயசு பொண்ணோ பையனோ அக்கவுண்ட்ஸ் தெரிஞ்சவங்க தருமபுரியில இருந்தீங்கன்னா வாரத்துல ஒரு மணி நேரம் குடுங்க, அது அம்பதாயிரத்தை விட பெருசு.

சின்னச் சின்ன விஷயம், 11ல இருந்து 2 மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டாங்க, எல்லாரும் பந்தியில இருப்பாங்க. கைகழுவுற எடத்துல தரை வழுக்குது, பெரியவங்க வர்ற எடம், ஒரு கைப்பிடி கம்பி போடணும்னு சொல்லியிருக்கேன். ரசீது பேரு தப்பை மேலயே சொல்லிட்டேன்.

2024 ஜூன் 11, செவ்வாக்கெழம, நான் லீவு போட்டு அம்மாவைக் கூட்டினு போனேன். காலண்டர்ல பேரே இல்லாத நாளு. வாசல் கரும்பலகையில வழக்கமா "இன்றைய உபயம்"னு யாராவது பேரு இருக்கும், அன்னிக்கு சாக்பீஸ்ல "மூலநிதி"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. 120ன்னு கணக்கு, அன்னிக்கு 140க்கு மேல வந்துட்டாங்க, ஆஸ்பத்திரியில கூட்டம். களியை கொஞ்சம் சின்னதா உருட்டினாங்க, எல்லாருக்கும் வந்துச்சு. அம்மா கீரை வாளியை வாங்கி பந்தியில பரிமாற ஆரம்பிச்சாங்க. ஒரு பாட்டி பாதி சாப்பிட்டுட்டு மீதி களியை தூக்குல எடுத்து வெச்சுக்கிட்டாங்க, "மருமவ வார்டுல இருக்குது, வர முடியாது"ன்னு. அம்மா அந்த தூக்கை வாங்கி உள்ள போயி முழு உருண்டை ஒண்ணு போட்டு, கீரையை தனி கிண்ணத்துல ஊத்தி குடுத்தாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ல ரொம்ப நேரம் பேசல. தொப்பூர் பக்கம் எங்க ஊரு நெருங்கறப்பதான் "உங்கப்பாவுக்கு திதியை நாம வீட்லயே குடுத்துக்கலாம், மீதி 34,000 சேந்துச்சுன்னா அதையும் அந்த காலி நாளுக்கே எழுதிக் குடுத்துடு"ன்னாங்க. 20,000 சேத்துட்டோம்.

கட்டளை வெச்சவங்க கூட்டம் தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு, சாப்பாட்டுக்கு அப்புறம் 3 மணிக்கு, அங்கயே பந்தி ஹால்ல நடக்கும். செலவை 5 சதவீதத்துல இருந்து 4 ஆக்குற விஷயத்தை எழுத்துல குடுத்திருக்கேன், அஜெண்டாவுல எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. மூலநிதிக்கு கட்டினவங்க இதைப் படிச்சீங்கன்னா வீட்டுக்கு வந்த அந்த ஒரு பக்க கணக்கை கையில எடுத்துக்கிட்டு வாங்க, போன வருஷம் நான் போனப்ப மொத்தமே ஒம்பது பேருதான் இருந்தோம். புதுசா குடுக்க நெனக்கிறவங்க எந்த நாளா இருந்தாலும் 11 மணிக்கு முன்னாடி போங்க, அப்பதான் அய்யா உக்காந்து பேச நேரம் இருக்கும், பேசி முடிச்சிட்டு சாப்பிட்டுட்டு வாங்க.